இரும்பு வளைவின் முதுகில்

சிட்னி துறைமுகப் பாலத்தின் உச்சிக்கு ஏற வருகிறவர்கள் முதலில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைச் சாலையில் மறித்துச் சோதிக்கும் அதே வகைக் கருவிதான். அளவு 0.05ஐத் தாண்டினால் அன்றைக்கு ஏற முடியாது. அடுத்தது உடல்நிலை பற்றிய படிவம்: இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, மூச்சுத் திணறல் உண்டா. மூன்றாவதாக, உடம்பில் ஒட்டியிருக்கும் உதிரிச் சாமான் எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். கைபேசி, கைக்கடிகாரம், சாவி, சில்லறை, பேனா, கேமரா எதற்கும் அனுமதி இல்லை. மெட்டல் டிடெக்டர் வைத்தும் பார்த்துவிடுகிறார்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. ஏறுகிறவர்களின் காலடியில் எட்டுத் தடச் சாலை, இரண்டு ரயில் பாதைகள், அவற்றுக்கும் கீழே படகுகள். வளைவின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 134 மீட்டர். அங்கிருந்து ஒரு சாவிக்கொத்து நழுவினால் கீழே போகும் காரின் கண்ணாடி மிஞ்சாது.

'தி ராக்ஸ்' என்னும் பழைய குடியிருப்புப் பகுதியில், கம்பர்லாண்ட் தெருவில் இருக்கிறது ஏற்றக்காரர்களின் அலுவலகம். ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வழிகாட்டி. அந்தக் காலைக் குழுவில் இரண்டு தமிழ்க் குரல்கள் இருந்தன. திருநெல்வேலிப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. வென்ட்வொர்த்வில்லில் குடியிருக்கும் அவர் மகள். டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் என்று சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஒரு நாள், ஓபரா ஹவுஸ் முன்னால் படம் எடுக்க ஒரு நாள், புளூ மவுன்டன்ஸ் ஒரு நாள் என்று கூட்டிப்போவார்கள். பாலத்தைக் கரையிலிருந்து காட்டுவதோடு சரி. இந்த அம்மா மட்டும் கரையில் நின்று பார்க்க ஒப்பவில்லை.

"யம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வேண்டாம்னா சொல்லிருவோம்."

"நீ வேணும்னா இருட்டி. நான் போய்ட்டு வாரேன்."

சேலைக்கு அங்கே வழியில்லை என்று மகள் முன்னமே சொல்லி, சுடிதாரில் கூட்டி வந்திருந்தார். அதற்கு மேல் சாம்பலும் நீலமுமான முழு உடுப்பு ஒன்றைக் கொடுத்துக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடச் சொன்னார்கள். தாலிச் சங்கிலி அதற்குள் அடங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு, தொப்பிக்குக் கொக்கி, மூக்குச் சிந்தக் கொடுக்கும் கைக்குட்டைக்கும் ஒரு வளையம். எல்லாம் உடுப்போடு பிணைந்தவை. கடைசியாக இடுப்பில் அகலமான பட்டை. அதிலிருந்து தொங்கும் குட்டைக் கயிற்றின் நுனியில் ஓர் உலோகக் கொக்கி.

ஏற்றம் முழுவதும் இந்தக் கொக்கியை நம்பித்தான் நடக்கிறது. பாதை நெடுக, இடுப்பு உயரத்தில், முறுக்கிய எஃகுக் கயிறு ஒன்று ஓடுகிறது. தொடக்கத்தில் கொக்கியை அதில் மாட்டினால் திரும்பி வந்து இறங்கும்வரை அது கழலாது. கயிற்றைப் பாலத்தோடு பிடித்து நிறுத்தும் தாங்கிகள் வரும் இடங்களில் கொக்கி சற்றே முரண்டு பிடிக்கும். மணிக்கட்டைத் திருப்பி ஒரு தள்ளுத் தள்ளினால் தாண்டிவிடும். முதல் நாலைந்து தாங்கிகளில் எல்லோரும் திணறுகிறார்கள், பிறகு கை தானே பழகிக்கொள்கிறது. வெளியே போகுமுன், அறைக்குள் நிறுத்திய மாதிரி ஏணியில் ஏறி இறங்கிப் பார்க்கவும் விடுகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், உடம்புக்கு இது பெரிய சவால் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். 1,300க்கும் அதிகமான படிகள் என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் பரத்திப் போட்டால் ஒன்றுமில்லை. மழை தூறினாலும் காற்று அடித்தாலும் ஏற்றம் நடக்கும், இடி மின்னலோ கடுங்காற்றோ வந்தால்தான் நிறுத்துவார்கள். விளம்பரங்கள் விற்கும் அச்சத்தை இந்தப் பட்டையும் கயிறும் கைப்பிடிகளும் பாதிக்கு மேல் கழித்துவிடுகின்றன. அப்படியென்றால் கொடுக்கும் காசுக்கு என்னதான் கிடைக்கிறது? இரும்பு கிடைக்கிறது. 52,800 டன் எஃகைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கக் கிடைக்கிறது.

முதல் கால் மணி நேரம் வானமே தெரியாது. கரையோரப் பகுதியில், சாலைத் தளத்துக்கு அடியில், குறுகிய நடைபாலத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். தலைக்கு மேலே லாரிகள் ஓடும் அதிர்வு. காலடியில் கம்பி வலை, அதன் வழியே தெரு. மகளின் பேச்சு நின்றது இங்கேதான். தலைக்கு மேல் குறுக்கே வரும் விட்டங்களுக்குக் குனிந்து, பக்கவாட்டில் ஒதுங்கி நடந்தால் கருங்கல் கோபுரத் தூணின் அருகே வந்து சேரலாம்.

பாலத்தின் இரு முனையிலும் இரண்டிரண்டாக நிற்கும் இந்தத் தூண்கள் 89 மீட்டர் உயரம். வளைவை இவைதான் தாங்குகின்றன என்று பார்க்கிற யாரும் நினைப்பார்கள். ஆனால் இவை எதையும் தாங்கவில்லை. வெறும் இரும்பாக நின்றால் மக்களுக்கு நம்பிக்கை வராது, கண்ணுக்கும் எடுப்பாக இருக்காது என்று வைத்தவை. இதற்கான கல்லைத் தெற்கே 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள மொருயாவில் வெட்டினார்கள். ஸ்காட்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த கல்தச்சர்கள் குடும்பத்தோடு தங்க அங்கே ஒரு சிற்றூரே எழுந்தது. வளைவின் பாரத்தைச் சுமப்பது தூண்களின் காலடியில் கண்ணில் படாமல் கிடக்கும் நான்கு கீல்கள். ஒவ்வொன்றின் மேலும் சுமார் 20,000 டன் உந்துதல். வெயிலில் எஃகு விரியும்போது இந்தக் கீல்கள் இடம் கொடுக்க, வளைவு உச்சியில் 18 சென்டிமீட்டர்வரை எழும்பித் தணியும். வழிகாட்டி இதைச் சொன்னதும் டீச்சர் மகள் பக்கம் திரும்பி, "அப்ப மத்தியானம் ஏறினா ஒரு சாண் கூடுதலா ஏறலாம்" என்றார்.

பிறகு ஏணிகள். செங்குத்தாகச் சாலைத் தளத்தைத் துளைத்து மேலே போகின்றன. பாதி ஏணியில் தலை நிமிர்ந்தால் கண் மட்டத்தில் கார்ச் சக்கரங்கள் சீறிக்கொண்டு போகும். ரயில் ஒன்று கடந்தால் ஏணிக் கம்பி கையில் துடிக்கும். ஏற்றம் முழுவதிலும் உண்மையாகவே நெஞ்சு படபடப்பது இந்த இடத்தில்தான், உச்சியில் அல்ல. மேலே வளைவில் கால் வைத்ததும் அகலமான, தாழ்ந்த படிகள் வந்துவிடுகின்றன. இருபுறமும் கைப்பிடி.

அங்கே குனிந்து பார்க்க வேண்டியது ரிவெட்டுகளை. பழைய செட்டிநாட்டு வீட்டு வாசற்கதவில் பித்தளைக் குமிழ்கள் வரிசை கட்டி நிற்பதுபோல, சாம்பல் வண்ணம் பூசிய உருண்டைத் தலைகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கின்றன. கையால் தடவினால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு. ஒன்று முழு அரைவட்டம், அடுத்தது ஒரு பக்கம் சப்பை, இன்னொன்றின் ஓரத்தில் சம்மட்டியின் விளிம்பு பதிந்த தடம். பல பூச்சு வண்ணத்துக்குப் பின்னும் அது மறையவில்லை. பாலம் முழுவதும் சுமார் 60 லட்சம் ரிவெட்டுகள். மிகப் பெரியதன் எடை மூன்றரைக் கிலோ, நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்.

அவற்றை அடித்த விதம் இன்றைக்கு எந்தப் பாதுகாப்பு அதிகாரியையும் மயக்கம் போட வைக்கும். நால்வர் ஓர் அணி. ஒருவர் உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுவார். இன்னொருவர் அதை வாளியில் பிடிப்பார். மூன்றாமவர் அதைத் துளைக்குள் செருகி ஒரு பக்கத்தை அழுத்திப் பிடிக்க, நான்காமவர் மறுபக்கத்தைக் காற்றுச் சம்மட்டியால் அடித்துத் தலையாக்குவார். சிவந்த இரும்பு தண்ணீருக்கு மேலே காற்றில் பறந்தபடி இருந்திருக்கிறது. பிடிக்கத் தவறியது துறைமுகத்துக்குப் போனது. இடுப்புப் பட்டை கிடையாது, கயிறு கிடையாது, தலைக்கவசமும் கிடையாது. ஹென்றி மல்லார்ட் என்ற புகைப்படக்காரர் இவர்களோடு மேலே போய் எடுத்த படங்களில், சாதாரணத் தொப்பியும் கோட்டும் போட்டவர்கள் விட்டத்தின் நுனியில் திண்ணையில் உட்காரும் தோரணையில் இருக்கிறார்கள்.

கட்டுமானத்தில் இறந்த தொழிலாளர்கள் 16 பேர். விழுந்தும் பிழைத்தவர் ஒருவர் உண்டு. 1930 அக்டோபரில் வின்சென்ட் கெல்லி என்ற கொதிகலத் தொழிலாளி தளத்திலிருந்து தவறித் தண்ணீருக்குள் போனார். நீரில் குதித்துப் பழகியவர். விழுகிற வேகத்திலேயே உடம்பைத் திருப்பிக் கால் முந்த இறங்கினார். விலா எலும்புகள் முறிந்தன, உயிர் தப்பியது. சில வாரங்களில் வேலைக்குத் திரும்பியவருக்கு நிறுவனம் தங்கக் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தது. கடிகாரத்தை விட ஒரு கயிறு மலிவாகத்தான் இருந்திருக்கும்.

கட்டிய நிறுவனம் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவைச் சேர்ந்த டார்மன் லாங். எஃகில் ஐந்தில் நான்கு பங்கு அங்கிருந்தே கப்பலில் வந்தது. துண்டுகளை வெட்டித் துளையிட்டுத் தயார் செய்த பட்டறை வடகரையில் இருந்தது. இன்று உச்சியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் லூனா பார்க்கின் ராட்டினம் சுற்றுகிறது. பாலத்துக்காக இரு கரையிலும் வீடுகள் இடிக்கப்பட்டன. சுமார் 800 குடும்பங்கள் வெளியேறின. வாடகைக்கு இருந்தவர்களுக்கு இழப்பீடாக ஒரு காசு கிடைக்கவில்லை. ஏற்றம் தொடங்குகிற தி ராக்ஸ் வட்டாரமும் இடிபட்ட தெருக்களில் மிஞ்சியதுதான்.

அடியில் சாரம் கட்ட வழியில்லாத ஆழம் என்பதால், இரு கரையிலிருந்தும் வளைவை அந்தரத்தில் வளர்த்தார்கள். ஒவ்வொரு பாதியையும் 128 எஃகுக் கயிறுகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தன. அந்தக் கயிறுகள் பாறைக்குள் லாட வடிவில் குடைந்த சுரங்கத்தைச் சுற்றி மறுபடி மேலே வந்தன. வளைவின் முதுகிலேயே ஊர்ந்து ஏறும் கிரேன்கள், தாம் வைத்த துண்டின் மேல் நகர்ந்து அடுத்த துண்டைத் தூக்கின. 1930 ஆகஸ்டில் நடுவே சிறு இடைவெளிதான் பாக்கி. கயிறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த, இரண்டு பாதிகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. ஆகஸ்ட் 19 இரவில் முட்டி நின்றன. மறுநாள் கிரேன்களில் கொடி பறந்தது. தொழிலாளர்களுக்கு அரை நாள் விடுமுறையும், குடித்துக் கொண்டாட இரண்டு ஷில்லிங்கும் கிடைத்தன. 503 மீட்டர் அகலத்தை ஒரே வளைவால் தாண்டிய அந்தக் கணக்கின் பெருமை யாருக்கு என்று பிறகு சண்டை மூண்டது. அரசின் தலைமைப் பொறியாளர் ஜே. ஜே. சி. பிராட்ஃபீல்டா, நிறுவனத்தின் ஆலோசகர் ரால்ஃப் ஃப்ரீமனா? இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தச் சச்சரவில் அடிபட்டுப்போகிற பெயர் கேத்லீன் பட்லர். பிராட்ஃபீல்டின் செயலராகச் சேர்ந்து, ஒப்பந்தப்புள்ளிகளைச் சரிபார்க்கும் அளவுக்கு வளர்ந்து, 1924இல் திட்ட வேலையாக லண்டன் போனவர். ஒரு பெண் இந்த வேலையில் இருப்பது அன்றைய பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தி.

உச்சியில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தித் தம் கேமராவில் படம் எடுக்கிறார். யாரிடமும் கைபேசி இல்லாததால் அந்தப் பத்து நிமிடமும் ஜனம் கண்ணால் பார்க்கிறது; இது ஒரு லாபம். கிழக்கே ஓபரா ஹவுஸ். அஞ்சலட்டைகளில் தூய வெள்ளையாகத் தெரியும் அதன் கூரை, மேலிருந்து பார்த்தால் இரண்டு நிறம். பளபளக்கும் ஓடும் மங்கலான பாலேட்டு நிற ஓடும் கலந்து பதித்தது, மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல். அதற்கப்பால் டெனிசன் கோட்டைத் தீவு, பிறகு கடல் திறக்கும் முகம். மேற்கே பாரமட்டா ஆறு, காக்கட்டூ தீவு, தெளிவான நாளில் மலைத்தொடரின் நீலக் கோடு.

தலைக்கு மேலே இரண்டு கொடிகள். ஒன்று ஆஸ்திரேலியக் கொடி. மற்றொன்று 2022 வரை நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கொடியாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து பழங்குடி மக்களின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி நிரந்தரமாகப் பறக்கிறது. தென்கரை காடிகல் மக்களின் மண், வடகரை கேமரேகல் மக்களுடையது. 2000 மே 28 அன்று பழங்குடி மக்களோடு நல்லிணக்கம் கோரிச் சுமார் 2,50,000 பேர் இந்தப் பாலத்தில் நடந்தார்கள். கடந்து முடிக்கப் பல மணி நேரம் ஆயிற்று. விமானம் ஒன்று வானத்தில் புகையால் மன்னிப்பு வாசகம் எழுதியது. அரசு அதை நாடாளுமன்றத்தில் சொல்ல 2008 ஆனது. பழங்குடி வழிகாட்டிகளே கதை சொல்லி அழைத்துப்போகும் 'பராவா' என்ற தனி ஏற்றமும் இப்போது உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். துறைமுகம் பாலத்துக்கு முன்பும் இருந்தது அல்லவா.

கேலிக்கூத்துகளும் இந்தப் பாலத்துக்குப் புதிதல்ல. 1932 மார்ச் 19 திறப்பு விழாவில் மாநில முதல்வர் ஜாக் லாங் ரிப்பன் வெட்டக் காத்திருக்க, ராணுவ உடையில் குதிரை மேல் வந்த பிரான்சிஸ் டி குரூட் வாளை உருவி ரிப்பனைக் கிழித்துவிட்டார். பழைய மேசை நாற்காலி வியாபாரி. லாங்கின் இடதுசாரி அரசைப் பிடிக்காத 'நியூ கார்டு' அமைப்பின் ஆள். போலீஸ் அவரை இழுத்துப்போனது, ரிப்பனை மறுபடி முடிச்சுப்போட்டு முதல்வர் வெட்டினார், டி குரூட்டுக்கு 5 பவுண்டு அபராதம். அதே விழாவுக்கு லென்னி க்வைதர் என்ற ஒன்பது வயதுப் பையன் விக்டோரியா மாநிலத்து லியோங்காதாவிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தன்னந்தனியாகக் குதிரையில் வந்து சேர்ந்திருந்தான். இரண்டு குதிரைக்காரர்களில் வரலாறு அதிகம் பேசுவது முதலாமவரைத்தான், நியாயமில்லை.

பணம் வாங்கி ஆட்களை ஏற்றும் யோசனை பால் கேவ் என்ற தொழிலதிபருடையது. 1989இல் ஒரு மாநாட்டு விருந்தினர்களை வளைவின் மேல் ஏற்றிப் பார்த்ததில் வந்த எண்ணம். பாதுகாப்பு, பாரம்பரியம், போக்குவரத்து என்று ஆளுக்கொரு ஆட்சேபம் சொன்ன துறைகளை எல்லாம் சம்மதிக்க வைக்க அவருக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1998 அக்டோபர் 1இல் தொடங்கிய ஏற்றத்தில் இதுவரை 40 லட்சம் பேருக்கு மேல் போய்வந்திருக்கிறார்கள். அதற்கு முன்பும் மக்கள் ஏறாமல் இல்லை. இரவில் திருட்டுத்தனமாக ஏறுவது மாணவர்களின் வீர விளையாட்டு. 1973இல் ஃபிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரர் தூண்களுக்கு நடுவே கம்பி கட்டி நடந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கிடையே நடந்தவரும் அவரே. 'க்ரோகடைல் டண்டீ' படத்தின் பால் ஹோகன் நடிகராகுமுன் இந்தப் பாலத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவர். எல்லோருக்கும் முன்னோடி லேவண்டர் பே தேவாலயப் பாதிரியார் ஃபிராங்க் கேஷ். கட்டுமானம் நடக்கும்போதே அனுமதி வாங்கி மேலே போய், படம் படமாக எடுத்து 1930இல் புத்தகம் போட்டார்.

இறக்கம் மேற்குப் பக்க வளைவு வழியாக. அங்கே ரயில்கள் அருகில் ஓடுகின்றன. ஓட்டுநர் சிலர் ஒலி எழுப்பிக் கையசைப்பதும் உண்டு. டீச்சர் ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் கையசைத்தார். மகளுக்கு மறுபடி பேச்சு வந்திருந்தது.

கட்டணம்தான் உறுத்தும். நாளையும் நேரத்தையும் பொறுத்து ஆளுக்கு 300, 400 ஆஸ்திரேலிய டாலர் என்று போகிறது. நான்கு பேர் குடும்பம் ஏறுகிற காசில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வரலாம். மாலை ஏற்றத்துக்கு இன்னும் கூடுதல். ஆனால் இரும்பின் நுணுக்கம் பார்க்க வந்தவர்களுக்குக் காலை வெளிச்சமே போதும், விலையும் குறைவு. பாலத்தில் நடக்கக் காசே வேண்டாம். கிழக்கு ஓரத்து நடைபாதை எப்போதும் இலவசம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தென்கிழக்குத் தூணுக்குள் 200 படி ஏறினால் கடல் மட்டத்துக்கு 87 மீட்டர் மேலே ஒரு பார்வை மாடம். கட்டணம் வளைவு ஏற்றத்தில் சிறு பகுதிதான். உள்ளே கட்டுமானக் காலத்துப் படங்கள், கருவிகள், தொழிலாளர்களைப் பற்றிய விவரங்கள். 1948இலிருந்து இவோன் ரென்டூல் என்ற பெண்மணி இந்த மாடத்தை நடத்தியபோது மொட்டைமாடியில் வெள்ளைப் பூனைகளை வளர்த்தார். பாலம் பார்க்க வந்தவர்கள் பூனையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏற்றச் சீட்டு வைத்திருந்தவர்களை அன்றைக்கு மாடத்துக்கும் அனுமதித்தார்கள். மகள் கீழே காபிக் கடையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். டீச்சர் மட்டும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த 200 படியையும் ஏறப் போனார்.